முகம் காணா நட்பும் முகம் கண்ட நாளும்

நட்பைப் பற்றிப் பேசப் புகுவோர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினையாது செல்வதில்லை. உறையூரிலிருந்து ஆண்ட சோழ மன்னன் ஒருபுறம். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த புலவர் மறுபுறம். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. கேள்வியால் மட்டுமே வளர்ந்த நட்பு அது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி மேடை ஏறிய மாணவர் பலரும் இவ்விருவரையும் ஒருமுறையேனும் துணைக்கு அழைத்திருப்பர். நட்புக்கு நேரிற் கூடிப் பழகுதல் வேண்டுவதில்லை, உணர்ச்சி ஒத்தலே போதும் என்னும் கருத்துடைய திருக்குறளுக்கு உரை காணப் புகுந்த பரிமேலழகரும் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார்.

இக்கருத்தை நாமும் இளமையில் மேடையில் முழங்கியதுண்டு, பரிசும் பெற்றதுண்டு. அப்பேச்சை நமக்கு எழுதித் தந்தவர் யார் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு, பள்ளி நூலகத்தில் நாம் அமர்ந்திருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அருகில் வந்து நின்றாள். "ஐயா, பார்க்காத ஒருவர் நண்பராக இருக்க முடியுமா?" என்று கேட்டாள். பிசிராந்தையாரைப் பற்றிய ஐயம் போலும் என்று எண்ணி மகிழ்ச்சியுடன் கதையைத் தொடங்கினோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இல்லை ஐயா" என்றாள். இணையத்தில் சதுரங்கம் ஆடும்போது தைப்பிங்கில் வாழும் தன் வயதுச் சிறுமி ஒருத்தி பழக்கமானாளாம். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் ஆட்டம். ஆட்டத்திற்குப் பின் சிறிது எழுத்து உரையாடல். விடுமுறையில் நேரிற் காண வேண்டுமென்று இருவருக்கும் ஆவல். இதைச் சொன்னதும் தந்தையார் கைப்பேசியை வாங்கிப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டார். தாயாரோ, "முகம் தெரியாதவள் எல்லாம் ஒரு சிநேகிதியா?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தப் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நாமும் முதலில் பேழையைத்தான் தேடியிருப்போம். ஆயினும் அத்தாயார் கேட்ட கேள்வி நம் மனத்தில் தைத்தது. ஏனெனில், முகம் தெரியாத ஒருவரோடு ஏழாண்டுகள் நட்புக் கொண்டு, பின் ஒரு விடுமுறையில் அவர் முகத்தைக் கண்டவர்கள் நாம்.

அந்நாளில் இணையம் ஏது? நாளேடுகளின் சிறுவர் பகுதியில் 'பேனா நண்பர்கள்' என்று பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு ஆகியவற்றை அச்சிடுவார்கள். நமக்கு முந்திய தலைமுறையினர்க்கு இவ்வகையில் வாய்த்த பேறு இன்னும் பெரிது. 1950களில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடந்த தமிழ் மாணவர்களை எழுத்தால் இணைத்தது. தோட்டத்து மாணவன் ஒருவனின் பெயரைச் சிங்கப்பூர் மாணவி ஒருத்தி அச்சில் கண்டு அறிந்திருந்தாள். பெயர்கள் முதலில் பழகின. முகங்கள் பின்னரே பழகின. அந்த மன்றத்தின் வழிவந்தவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இளைஞர் இயக்கத்தினராகவும் விளங்கினர் என்பது நாடறிந்த செய்தி. ஆகவே, காணாத நட்பு கைப்பேசி கொண்டுவந்த புதுப் பிணி என்று எண்ணுவோர் தம் பாட்டனாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

1977இல் நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். குளுவாங்கிற்கு அருகே ஒரு தோட்டம். சுங்கைப் பட்டாணிக்கு அருகே மற்றொரு தோட்டத்தில் இருந்த மாணவர் ஒருவரின் முகவரி சிறுவர் பகுதியில் வந்திருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'மழையைப் பார்த்தல்' என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் எல்லாம் அஞ்சல்தலை சேர்த்தல், பந்து விளையாடுதல் என்று எழுதியிருக்க, இவர் மட்டும் இப்படி எழுதியது நமக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்காகவே கடிதம் எழுதினோம்.

முதற்கடிதங்களில் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றே அழைத்துக்கொண்டோம். ஆறாவது ஏழாவது கடிதத்தில் அது 'நீ' ஆயிற்று. ஆறாம் வகுப்பு முடிந்து புகுமுக வகுப்பு, அதன்பின் படிவம் ஒன்று என்று இருவரும் ஒன்றாகவே ஏறினோம். கடித உறைகளில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி அஞ்சல்தலைகள் 1979இல் மலர்களாக மாறின, கடிதங்கள் மாறவில்லை. மாதம் இரண்டு தவறாமல் வரும். தோட்டத்து அலுவலகத்தில் கிராணி கடிதங்களைப் பிரித்து வைக்கும்போதே, "உன் வடக்கத்தி வந்துவிட்டான்" என்று கூவுவார். வடக்கே கெடாவிலிருந்து வரும் கடிதத்திற்கு அவர் இட்ட பெயர் அது.

எழுத்தில் அவர் வல்லவர். நமக்கோ நாக்குத்தான் வலிது. பேச்சுப் போட்டி வந்தால் தலைப்பை அவருக்கு எழுதி அனுப்புவோம். இரண்டு வாரத்தில் எட்டுப் பக்கப் பேச்சு வந்து சேரும். கோப்பெருஞ்சோழன் பேச்சும் அப்படி வந்ததுதான். மேடையில் நாம் அதை முழங்கிப் பரிசு பெற்று, செய்தியை அவருக்கு எழுதுவோம். "நீயே உன் பள்ளியில் பேசலாமே?" என்று பலமுறை கேட்டோம். ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றி எழுதிவிடுவார்.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். படிவம் ஒன்றில் நம் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அவன் பாடம் ஒப்பிக்கும் விதத்தை எழுத்துக்கு எழுத்து நடித்துக் காட்டி, ஒரு கடிதம் முழுவதும் நகைச்சுவையாக எழுதி அனுப்பினோம். நம் நகைச்சுவைத் திறனை நாமே மெச்சிக்கொண்டோம். மாதம் இருமுறை வந்த கடிதம் அதன்பின் இரண்டு மாதங்கள் வரவில்லை. வந்தபோது அதில் அந்நகைச்சுவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தோட்டத்தில் வெள்ளம் என்று எழுதியிருந்தார். நாமும் நம்பினோம்.

நேரிற் காண்போம் என்று நாம் எழுதியபோதெல்லாம் தடை வந்தது. 1981இல் பாட்டியாருக்கு உடல்நலமில்லை என்றார். அடுத்த ஆண்டு தேர்வு. அதற்கடுத்த ஆண்டு வேறொன்று. இறுதியில், ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்து, 1984 டிசம்பரில், அவருடைய ஒப்புதல் வருமுன்பே, "இந்த நாளில் பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்குவேன்" என்று எழுதிவிட்டுப் புறப்பட்டோம். குளுவாங்கில் பகலில் ஏறி, கோலாலம்பூரில் இரவு வண்டிக்கு மாறி, உறங்காமல் சென்று விடியலில் இறங்கினோம். அவர் நின்றிருந்தார். அனுப்பியிருந்த நிழற்படத்தில் இருந்ததைவிட உயரம். கைகளைப் பற்றிக்கொண்டோம்.

"வாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஏழாண்டு நட்பு மீண்டும் 'நீங்கள்' ஆகிவிட்டது. நிலையத்தை அடுத்தே ஃபெர்ரித் துறை. முதலில் பினாங்கிற்குக் கடல் கடந்து போய்வருவது என்று கடிதத்தில் முன்பே திட்டமிட்டிருந்தோம். படகில் நாம் மூவர்க்கு உரிய பேச்சைப் பேசினோம். தெற்கே கடலின்மேல் கட்டி முடியும் தறுவாயில் இருந்த பினாங்குப் பாலத்தைக் காட்டி ஏதேதோ கேட்டோம். (அப்பாலம் மறு ஆண்டு, 1985இல் திறக்கப்பட்டது.) அவர் தலையசைத்தார், சிரித்தார், "ஆமாம்" என்றார், பேசவில்லை. நமக்கு முதலில் வியப்பு, பிறகு வருத்தம், அதன்பின் சினம். இவர் செருக்குடையவர், நம்மைக் கண்டு ஏமாற்றமடைந்தார் என்று முடிவு கட்டினோம். கரையில் இறங்கியதும் மறு வண்டிக்கே திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். அதை மறைக்காமல் முகத்தில் காட்டியும்விட்டோம்.

அப்போது அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். நம் பெயரின் முதலெழுத்து வரவில்லை. மறுபடியும் முயன்றார். கண்களை இறுக மூடிக்கொண்டார். படகின் இயந்திர ஓசைக்கிடையே அந்த ஓர் எழுத்து வெளிவர எடுத்துக்கொண்ட நேரத்தை நாம் இன்றளவும் மறக்கவில்லை. பின் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். தமக்குச் சிறுவயது முதலே இப்படி என்றும், முதற்கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும், நம் அந்தக் கடிதம் வந்தபின் சொல்லத் துணியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நமக்கு உடனே இரக்கம் பிறக்கவில்லை, வெட்கமே பிறந்தது. நாம் முழங்கிய பேச்செல்லாம் எவர் நாவிலிருந்து வந்திருக்க வேண்டியவை என்பதும், நம் நகைப்பைப் படித்த கண்கள் எவை என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின. மன்னிப்புக் கேட்க நமக்கும் நா எழவில்லை. குறிப்பேட்டை வாங்கி எழுதியே கேட்டோம். பினாங்கில் அன்று பகல் முழுவதும் அக்குறிப்பேடு இருவர் கைகளுக்கிடையே போய்வந்துகொண்டிருந்தது. மாலையில் தோட்டத்து வீட்டிற்குச் சென்றோம். அவர் அன்னையார், "வாப்பா, உன் கடிதத்தையெல்லாம் சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறான்" என்றார். விளக்கேற்றியதும் அவர் தேவாரம் பாடினார். ஓர் இடத்தில்கூடத் தடையில்லை. நாம் வாயடைத்து நின்றோம். திக்கிப் பேசுவோரில் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம்.

இனி, நம் கருத்துக்கு வருவோம்.

நேரிற் காணாத நட்பு போலி என்பாரோடு நாம் உடன்படவில்லை. எண்ணிப் பாருங்கள். அவரை நாம் முதலில் நேரிற் கண்டிருந்தால், அந்த வயதில் நாம் என்ன செய்திருப்போம்? வகுப்புத் தோழனைச் செய்ததுபோல் அவரையும் நடித்துக் காட்டிச் சிரித்திருப்போம். அஞ்சல்தான் அவர்க்கு நம்மோடு தடையின்றிப் பேசும் உரிமையைத் தந்தது. ஏழாண்டுகள் அவர் நமக்குச் சமமாக, அன்று, நமக்கு மேலாக நின்று பேசினார். இன்றும் வகுப்பில் வாய் திறவாத பிள்ளை இணைய ஆட்டத்தில் சிரித்துப் பேசுவதைப் பெற்றோர் காணலாம். காண்பவர்கள் உடனே பிள்ளை கெட்டுவிட்டான் என்று முடிவு செய்ய வேண்டா. அவனுக்கு அங்கே கிடைப்பது என்ன, இங்கே கிடைக்காதது என்ன என்று வினவுவது பயன் தரும்.

அதுபோலவே, எழுத்து நட்பே போதும், காண வேண்டுவதில்லை என்பாரோடும் நாம் உடன்படவில்லை. எழுத்தில் நாம் விரும்பிய பக்கத்தையே காட்டுகிறோம். அவர் தம் குறையை மறைத்தார். நாமோ நம் கொடுமையை நகைச்சுவை என்று பெயரிட்டு அனுப்பினோம். எதிரில் ஒரு முகம் இருந்திருந்தால் அக்கடிதத்தின் முதல் வரியிலேயே நாம் நிறுத்தியிருப்போம். முகம் எதிரில் இல்லாதபோது சொல் அளவு கடக்கிறது. இன்றைய பிள்ளைகள் திரையில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் முறையைக் கண்டோர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பிசிராந்தையார் கதையையும் நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்றே தோன்றுகிறது. தம் மக்களோடு நேர்ந்த பகையால் மனம் நொந்து வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், ஆந்தையார் வருவார், அவர்க்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். ஒருநாளும் காணாதவர் வருவாரா என்று சூழ இருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார், தாமும் வடக்கிருந்தார். புறநானூற்றில் இச்செய்தி தொடர்ந்து பல பாடல்களில் பேசப்படுகின்றது. உணர்ச்சி ஒன்றே போதுமெனின், மன்னன் எதற்காக இடம் ஒதுக்கச் சொன்னான்? புலவர் எதற்காகப் பாண்டிய நாட்டிலிருந்து நடந்து வந்தார்? காணாமலே நட்புக் கொண்டவர்கள் காண விரும்பவில்லை என்று எப்பாடலும் சொல்லவில்லை. மேடையில் பேசிய நாளில் இது நமக்குத் தோன்றவில்லை. எழுதித் தந்தவர்க்குத் தோன்றியிருக்கலாம். அவர் அப்பகுதியை வேண்டுமென்றே விட்டிருக்கலாம்.

எனினும், நம் காலத்துக் கடிதத்தையும் இக்காலத்து இணையத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு. நம் கடித உறையில் ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தது. அத்தோட்டத்தில் ஒரு கிராணி இருந்தார்; நம் கடிதம் யார்க்கு வருகிறதென்று ஊரே அறியும். இணையத்திலோ பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று எழுதுபவர் நாற்பது வயது ஆடவராக இருத்தல் கூடும். முன்பெல்லாம், நிகழ்படத்தில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று அறிவுரை கூறினர். இன்று செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் புனைந்து காட்ட முடிகின்றது. எனவே திரையில் கண்ட முகமும் சான்றாகாது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், தீய நோக்குடன் சிறாரைப் பேசி வயப்படுத்துவதையும், அவ்வாறு பேசியபின் நேரிற் சந்திப்பதையும் தனித்தனிக் குற்றங்களாக வகுத்துள்ளது. அத்தகைய சட்டம் வேண்டியிருந்தது என்பதே பெற்றோர்க்கு வேண்டிய செய்தி. ஐயம் எழுந்தால் காவல் நிலையத்திற்கும், தாலியான் காசே 15999 எண்ணுக்கும் தெரிவிக்கலாம்.

ஆயின் இதற்கு மருந்து பேழையும் பூட்டும் அல்ல என்பதே நம் துணிபு. நம்மிடம் வந்த மாணவி மறைக்கவில்லை. தானாகவே பெற்றோரிடம் சொன்னாள். சொன்னதற்குக் கிடைத்தது பூட்டு. அடுத்த முறை அவள் சொல்வாளா? சொல்லாமற் போகும் பிள்ளைதான் தீயோர் கையில் எளிதில் சிக்கும். உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, பிள்ளைகள் நம்மிடம் எதையும் சொல்வதில்லை என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் வருந்துவது முறையன்று. மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். பெற்றோர்க்குத் தெரியாமல் வா என்று அழைப்பவர் எவராயினும், அந்நொடியே அவர் உங்கள் நண்பர் அல்லர். நல்ல நண்பர் உங்கள் அம்மாவிடம் பேச அஞ்சமாட்டார்.

அம்மாணவியின் பெற்றோரிடம் நாம் சென்று பேசினோம். பட்டர்வொர்த் கதையைச் சொன்னோம். தந்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்த் தாயார் தைப்பிங் தாயாரோடு தொலைபேசியில் பேசினார். வீடு, வேலை, பிள்ளை படிக்கும் பள்ளி என்று கேட்டறிந்தார். அப்பள்ளியில் பணியாற்றும் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடமும் விசாரித்தார். நான்காவது அழைப்பில் இருவரும் பிள்ளைகளை மறந்து இடுப்பு வலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர் என்று கேள்வி. பிறகே பேழை திறந்தது.

டிசம்பர் விடுமுறையில் இரு குடும்பமும் தைப்பிங் ஏரிப் பூங்காவில், பகல் வேளையில், மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தித்தன. முதல் அரைமணி நேரம் சிறுமியர் இருவரும் தத்தம் தாயார் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்களாம். "ஐயா, அவள் நான் நினைத்ததுபோல் இல்லை" என்று திரும்பி வந்ததும் மாணவி நம்மிடம் கூறினாள். எப்படி என்றோம். "கட்டையாக இருக்கிறாள். தோற்றால் அழுகிறாள். திரையில் அது தெரியாது" என்றாள். அழுதவளை எப்படித் தேற்றுவதென்று தெரியாமல் அடுத்த ஆட்டத்தில் தானே தோற்றுக் கொடுத்தாளாம். அதையும் அவள் கண்டுபிடித்து அதற்காகவும் அழுதாளாம்.

கொண்டு சென்ற பலகையில் ஒரு சிப்பாய் குறைந்திருந்தது. தண்ணீர்ப் புட்டியின் மூடியை வைத்து ஆடினார்கள். அடுத்த விடுமுறையில் தைப்பிங் குடும்பம் இங்கு வருவதாக ஏற்பாடு. தாயார் இப்போதே முறுக்கு மாவுக்கு அரிசி சொல்லி வைத்திருக்கிறார். நம் கெடா நண்பருக்கு இதை எழுதினோம். கைப்பேசியில் அன்று, தாளில்தான். அவரிடமிருந்து மறுமொழி வந்திருக்கிறது. முதற்பக்கம் முழுவதும் மழையைப் பற்றியது.